பால் போத்தலும் பெற்றோர் பயமும்: அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில்

"98 நாள் முடியப் போகுது. திங்கட்கிழமை வேலைக்குப் போகணும். பாப்பா போத்தல் குடிக்குமா?"

சுங்கை பாக்காப்பிலிருந்து பத்து காவான் தொழிற்பேட்டைக்கும், இரண்டாவது பாலம் தாண்டி பாயான் லெப்பாசுக்கும் வேலைக்குப் போகும் இளம் அம்மாக்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. தனியார் துறையில் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது 2023 ஜனவரி 1-ஆம் தேதி. ஆனால், முதல் 6 மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் பல வீடுகளுக்குள் போத்தல் வருகிறது.

சில வீடுகளில் அதற்கு முன்பே வந்துவிடும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, அம்மாவுக்குத் தரப்படும் மருந்து, பால் சுரப்பதில் தாமதம் எனக் காரணங்கள் வேறுபடும். போத்தல் வந்தால் கூடவே பயமும் வரும், குற்ற உணர்ச்சியும் வரும், ஆளுக்கொரு அறிவுரையும் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். போத்தல் பால் குடிக்கும் பிள்ளைக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை நாம் தடுக்கக்கூடியவை. எந்த பிராண்ட் என்பதைவிட, எந்தத் தண்ணீர், எத்தனை கரண்டி, யார் பேச்சைக் கேட்டு வாங்கினோம் என்பதுதான் முக்கியம்.

கிளினிக்கில் போத்தலைப் பார்த்தால் ஏன் இத்தனை கேள்வி?

"மிஸ்ஸி திட்டுவாங்க" என்று போத்தலைப் பையில் மறைத்து வைக்கும் அம்மாக்கள் உண்டு. தாதியர் அப்படிக் கேள்வி கேட்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பினாங்குக்கும் பெரிய பங்கு உண்டு.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ஓர் உரை ஆற்றினார். ஜமாய்க்காவில் பிறந்து, ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் வேலை செய்து, பிறகு மலாயாவுக்கு வந்த குழந்தை மருத்துவர் அவர். உரையின் தலைப்பு, 'பாலும் கொலையும்'. தாதிபோல உடை அணிந்த விற்பனைப் பெண்கள் ஏழைக் குடியிருப்புகளுக்குப் போய், தாய்ப்பாலை விட்டுவிட்டு இனிப்பு டின் பாலுக்கு மாறும்படி அம்மாக்களைத் தூண்டியதை அவர் கண்டித்தார். அந்தப் பிரசாரத்தால் நிகழும் குழந்தை மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார்.

அந்த உரையை நூலாக வெளியிட்டது, அப்போது பினாங்கில் அலுவலகம் வைத்திருந்த அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்பு. ஆண்டு 1986. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதற்கு முன்பே, 1970-களிலிருந்து, பால் மாவு விளம்பரங்களை எதிர்த்துக் குரல் கொடுத்து வந்தது. பினாங்கைத் தளமாகக் கொண்டு இயங்கிய அன்வார் ஃபாசல், 1979-இல் குழந்தை உணவுக்கான அனைத்துலக நடவடிக்கைக் கட்டமைப்பு உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். மலேசியா தன் முதல் பால் மாவு விற்பனை நெறிமுறையைக் கொண்டுவந்ததும் அதே 1979-இல்தான்.

1981 மே 21-ஆம் தேதி உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பதற்கான அனைத்துலக நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு அமெரிக்கா. உலகத் தாய்ப்பால் வாரத்தை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை ஒருங்கிணைக்கும் வாபா அமைப்பு 1991-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமைச் செயலகமும் பினாங்கில்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சிசிலி வில்லியம்ஸ் தொடங்கி எல்லோரும் எதிர்த்தது பொய் விளம்பரத்தை. அழுக்குத் தண்ணீரையும், வறுமையால் பாலில் தண்ணீர் கூட்டுவதையும் சுட்டிக்காட்டி எச்சரித்தார்கள். போத்தல் கொடுக்கும் அம்மாவை அவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஆகவே போத்தலை மறைக்காதீர்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் தாதியால் சரியான வழி சொல்ல முடியும்.

"தாய்ப்பால் கொடுக்க முடியலைன்னா நான் நல்ல அம்மா இல்லையா?"

தாய்ப்பாலில் பிள்ளையை வயிற்றுப்போக்கு, காது, நுரையீரல் தொற்றுகளிலிருந்து காக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. பால் மாவில் அது இல்லை. இது உண்மை, இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. மலேசியாவில் 6 மாதத்துக்குக் குறைவான பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் 2006-இல் 14.5 விழுக்காடு. 2016-இல் 47.1 விழுக்காடு. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் அந்த 2016 கணக்குப்படி, பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்தே இருந்தது. நீங்கள் தனி ஆள் இல்லை.

இரண்டில் ஒன்றுதான் என்ற கட்டாயமும் இல்லை. பகலில் போத்தல், வேலை முடிந்து வந்ததும் இரவிலும் தாய்ப்பால் என்று கொடுக்கலாம். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், இடைவெளி நீண்டால் குறையும். அதனால் வேலையிடத்திலும் பால் எடுத்து வைப்பது நல்லது. எடுத்த பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம்.

எத்தனை முயன்றும் முடியவில்லை என்றால், சரியாகக் கலந்த பால் மாவைக் குடித்தும் பிள்ளை நன்றாக வளரும். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிள்ளையின் எடையோடு உங்கள் மனநிலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட வேண்டாம்.

தண்ணீர்: எவ்வளவு சூடு, எந்தத் தண்ணீர்?

பலருக்குத் தெரியாத செய்தி இது: டின்னில் வரும் பால் மாவு கிருமி நீக்கப்பட்டதல்ல. குரோனோபேக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அரிதாக மாவிலேயே இருக்கலாம். பச்சைக் குழந்தைக்கு, அதிலும் 2 மாதத்துக்குக் குறைவான, குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த பிள்ளைக்கு இவை உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி, 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத தண்ணீரில் மாவைக் கலக்கச் சொல்கிறது. அந்தச் சூடு தண்ணீருக்காக மட்டும் இல்லை, மாவில் இருக்கும் கிருமியைக் கொல்லவும்தான். வீட்டில் இப்படிச் செய்யலாம்:

1. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கலக்கும் இடத்தைத் துடையுங்கள்.
2. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்குங்கள். 30 நிமிடத்துக்குள் பயன்படுத்துங்கள்.
3. முதலில் தண்ணீர், பிறகு மாவு. இந்த வரிசை மாறினால் அளவும் மாறும்.
4. மூடிக் கலக்கி, போத்தலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற வையுங்கள். மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக்கூடாது.
5. கலந்த பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை ஊற்றிவிடுங்கள். "பாவம், விலை கூடுன பால்" என்று மறுபடி சூடாக்கிக் கொடுக்க வேண்டாம்.

சுடுதண்ணீர் தரும் வடிகட்டி இயந்திரத்தை நம்பலாமா? எல்லா இயந்திரமும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. அடுப்பிலோ மின்கெட்டிலிலோ கொதிக்க வைப்பதே பாதுகாப்பு. போத்தலில் விற்கும் மினரல் வாட்டரும் கிருமியற்றது அல்ல. அதையும் கொதிக்க வைக்க வேண்டும். சோடியம் குறைவானதா என்று லேபிளையும் பாருங்கள்.

தண்ணீர் நின்றுவிட்டால் என்ன செய்வது?

சுங்கை பாக்காப்காரர்களுக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் பணி நடந்தபோது, பினாங்கில் லட்சக்கணக்கானோர் தண்ணீர்த் தடையைச் சந்தித்தார்கள். அதே ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி நடந்த சுங்கை பாக்காப் சட்டமன்ற இடைத்தேர்தலில் தண்ணீர்ப் பிரச்சனை முக்கியப் பேச்சாக இருந்தது.

முன்கூட்டியே அறிவிப்பு வந்தால், பிள்ளையின் தண்ணீரை வீட்டுத் தண்ணீரோடு சேர்க்காமல், மூடி போட்ட சுத்தமான பாத்திரத்தில் தனியாகப் பிடித்து வையுங்கள். லாரியில் வரும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே பயன்படுத்துங்கள். தண்ணீர் மீண்டும் வரும்போது முதலில் கலங்கலாக வரலாம். தெளியும்வரை திறந்துவிட்டு, பிறகு பிடியுங்கள்.

போத்தல் கழுவத் தண்ணீர் பற்றாது என்ற நிலை வந்தால் நம்ம ஊர் வழி ஒன்று இருக்கிறது. போத்தலைவிடச் சின்னக் கிண்ணத்தையோ பாலாடையையோ சுத்தம் செய்வது எளிது. மூலை முடுக்கு இல்லை, நிப்பிள் இல்லை. இந்தியாவில் பல மருத்துவமனைகளில் குறைமாதப் பிள்ளைகளுக்கு இன்றும் பாலாடையில்தான் பால் புகட்டுகிறார்கள். பிள்ளையை நிமிர்த்தி வைத்து, உதட்டில் கிண்ணத்தின் விளிம்பைத் தொட வைத்தால் அதுவே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றக்கூடாது, புரையேறும். முதல் தடவை தாதியிடம் காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

கரண்டி: ஒன்று குறைத்தால் என்ன?

மாதக் கடைசியில் டின் சீக்கிரம் காலியாகும்போது வரும் யோசனை இது. ஒரு கரண்டி குறைத்துத் தண்ணீர் கூட்டினால் பால் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பிள்ளைக்கு வயிறு நிறையும், சத்து நிறையாது. எடை ஏறாது. நாள்கணக்கில் தொடர்ந்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி வலிப்புகூட வரலாம்.

"புள்ளைக்குப் பசி அடங்கல, இன்னும் ஒரு கரண்டி போடு" என்பது மறுபக்கத் தவறு. கெட்டியான பால் மலச்சிக்கலைக் கொடுக்கும், உடலின் நீரை இழுக்கும், சிறுநீரகத்துக்குச் சுமை.

ஒரு பிராண்டின் கரண்டி 30 மில்லி தண்ணீருக்கு, இன்னொன்றின் கரண்டி 60 மில்லிக்கு என்று இருக்கலாம். அதனால் அந்தந்த டின்னின் கரண்டியையே பயன்படுத்துங்கள். குவிக்காமல், அமுக்காமல், கத்தியால் மட்டமாக வழித்துப் போடுங்கள். பாட்டியோ பராமரிப்பாளரோ கலப்பதாக இருந்தால் அளவைத் தமிழிலோ மலாயிலோ எழுதி டின்னிலேயே ஒட்டிவிடுங்கள்.

எவ்வளவு குடிக்கணும்?

முதல் வாரத்துக்குப் பிறகு, நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 150 மில்லி என்பது பொதுக்கணக்கு. 5 கிலோ பிள்ளைக்கு 750 மில்லி, அதை 6 முதல் 8 தடவையாகப் பிரித்துக் கொடுக்கலாம். இது வெறும் தோராயம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

கை சூப்புவது, தலையைத் திருப்பி வாயைத் திறப்பது பசியின் அடையாளம். அழுகை கடைசி அடையாளம். வாயை மூடுவது, முகத்தைத் திருப்புவது, கையைத் தளர விடுவது போதும் என்பதன் அடையாளம். அதற்கு மேல், "இன்னும் 20 மில்லிதான் இருக்கு" என்று திணிக்காதீர்கள். ஒரு நாளைக்கு 6 அல்லது அதற்கு மேல் நாப்பி நனைகிறதா, எடை ஏறுகிறதா என்பதே நம்பகமான கணக்கு. பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வருவது வழக்கம்.

போத்தலில் கஞ்சியோ, அரிசி மாவோ, சர்க்கரையோ, தேனோ கலக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சுத்தொற்று வரலாம். 6 மாதம்வரை தனியாகத் தண்ணீரும் தேவையில்லை, நம் வெயிலிலும் பாலில் இருக்கும் தண்ணீரே போதும். இனிப்பு டின் பாலும் தேநீருக்கான கிரீமரும் எந்த வயதுக் குழந்தைக்கும் பால் ஆகாது.

தொட்டிலில் போத்தலை முட்டுக் கொடுக்கலாமா?

கூடாது. ஸ்பிரிங் தொட்டிலில் படுக்கப் போட்டு, தலையணையில் போத்தலைச் சாய்த்து வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். புரையேறினால் பிள்ளையால் போத்தலைத் தள்ள முடியாது. படுத்தபடி குடிக்கும்போது பால் காதுப்பக்கக் குழாய்க்குள் போய்த் தொற்று வரலாம். பல் முளைத்த பிள்ளை வாயில் போத்தலோடு தூங்கினால் முன்பற்கள் சொத்தையாகும்.

மடியில் சற்று நிமிர்த்தி வைத்து, போத்தலைக் கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடுங்கள். பிள்ளை தன் வேகத்தில் குடிக்கும், காற்றும் குறைவாகப் போகும். கொடுத்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டிக்கொடுங்கள். கொஞ்சம் கக்குவது இயல்பு. போத்தல் கொடுப்பதில் அப்பாக்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. இரவு 2 மணிப் பாலை அவர்கள் ஏற்றுக்கொண்டால் அம்மாவுக்கு நான்கு மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

பிளாஸ்டிக் போத்தல் ஆபத்தா?

பிபிஏ என்ற ரசாயனம் உள்ள பாலிகார்பனேட் பால் போத்தல்களை மலேசியா 2012 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து தடை செய்துவிட்டது. இப்போது அதிகம் விற்பவை பாலிபுரோபிலின் போத்தல்கள். அவற்றில் சூடான தண்ணீர் ஊற்றிக் குலுக்கும்போது நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதை 2020-இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பயந்து சூட்டைக் குறைத்துவிடாதீர்கள், கிருமிதான் உடனடி ஆபத்து. கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தைக் கிருமி நீக்கி, அதில் பாலைக் கலந்து ஆற வைத்துப் போத்தலில் ஊற்றினால் இரண்டு கவலையும் தீரும். பாலை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். வெளியே மிதமாகத் தெரியும், நடுவில் கொதித்து வாயைச் சுட்டுவிடும்.

விளம்பரம்: விலை கூடின டின்தான் நல்லதா?

மலேசியாவில் விற்கும் குழந்தைப் பால் மாவு எதுவாக இருந்தாலும் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் சொல்லும் சத்து அளவுக்குள் இருக்க வேண்டும். முதல் கட்டப் பால் மாவில், விலை குறைந்த டின்னும் இந்த அடிப்படையைத் தாண்டித்தான் கடைக்கு வருகிறது. மூளை வளர்ச்சி, புத்திசாலித்தனம் என்ற சொற்களுக்காக மாதா மாதம் கூடுதல் ரிங்கிட் கொடுத்து, கடைசியில் கரண்டியைக் குறைப்பதைவிட, கட்டுப்படியாகும் டின்னை வாங்கி முழு அளவில் கலந்து கொடுப்பதே பிள்ளைக்கு நல்லது.

1-ஆம் கட்டம், 2, 3, 4 என்று டின்கள் ஒரே நிறத்திலும் ஒரே உருவத்திலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கான பால் விளம்பரத்தைப் பார்த்தாலும் நம் மனத்தில் பதிவது அந்தப் பெயர்தான். ஒரு வயதுக்கு மேல் அந்தச் சிறப்புப் பால் தேவையே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி. வீட்டுச் சாப்பாட்டோடு சாதாரண முழுக்கொழுப்புப் பசும்பால் போதும். குடும்பச் செலவில் இது சின்னத் தொகை இல்லை.

ஆனால், டின்னைப் பிரித்து மறுபடி பொட்டலம் கட்டி இணையத்தில் மலிவாக விற்கும் மாவை வாங்காதீர்கள். 2008-இல் சீனாவில் மெலமின் கலந்த பால் மாவால் 6 குழந்தைகள் இறந்தன, ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. முத்திரை உடையாத டின், காலாவதித் தேதி, நெளிவு இல்லாத அடிப்பக்கம் இவற்றைப் பார்த்து வாங்குங்கள். திறந்த தேதியை டின்னில் எழுதி வையுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

• 3 மாதத்துக்குக் குறைவான பிள்ளைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
• பச்சை நிறத்தில் வாந்தி, அல்லது ஒவ்வொரு தடவையும் பீய்ச்சி அடிக்கும் வாந்தி
• மலத்தில் இரத்தம்
• 8 மணி நேரமாக நாப்பி நனையாதது, உச்சிக்குழி உள்வாங்குவது
• பால் குடிக்க எழுப்பியும் எழாத சோர்வு, வலிப்பு, மூச்சுத் திணறல்

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். சுங்கை பாக்காப் மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போங்கள், அவசரமென்றால் 999. மற்ற சந்தேகங்களுக்கு அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கே போதும். அடுத்த தடவை போகும்போது பிள்ளையின் பதிவுப் புத்தகத்தோடு பால் டின்னையும் போத்தலையும் எடுத்துச் சென்று, "நான் இப்படித்தான் கலக்குறேன், சரியா பாருங்க" என்று கேளுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம்.